காங்கேயம் காளையும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

கோவைப் பட்டறைகளில் ஆங்கிலச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. லேத், மோட்டார், பவுண்டரி, ஷிப்ட் என்று பெயர்ச்சொற்கள் தொழிலாளர் நாவில் சர்வசாதாரணமாகப் புரளுகின்றன. வினைச்சொல் வரும் இடத்தில்தான் தடுமாற்றம். 'ஊரு டெவலப் ஆயிடுச்சுங்க' என்பதோடு நின்றுவிடுகிறது.

'த்ரைவ்' என்று ஒரு சொல். தமிழ் வழியில் படித்த மாணவனைக் கேட்டால், 'செழி' என்று உடனே அர்த்தம் சொல்லிவிடுவான். 'அதை வைத்து ஒரு வாக்கியம் சொல், பார்க்கலாம்' என்றால் விழிக்கிறான். கல்லூரி வகுப்பிலும் வேலைக்கான நேர்முகத் தேர்விலும் இதற்காக அவன் கூனிக் குறுகுகிறான். பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். குற்றம் அவனுடையதா? அர்த்தத்தைக் கொடுத்தவர்கள் வாக்கியத்தைக் கொடுக்கவில்லை. கொடுத்த வாக்கியமும் அவன் கண்ணால் காணாத ஏதோ குளிர்நாட்டுப் பூவைப் பற்றியதென்றால், அது மனத்தில் எப்படி ஒட்டும்?

வாக்கியம் அவன் ஊர்த் தொழுவத்திலேயே கட்டிக் கிடக்கிறது!

காங்கேயம் மாட்டைப் பாருங்கள். அது மேயும் கொறங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி. இடையிடையே வெள்வேல மரம். தரையில் கொழுக்கட்டைப் புல். மழை குறைந்த அந்தப் பூமியில், அந்தப் புல்லைத் தின்றே அது திமிலும் கொம்புமாக நிமிர்ந்து நிற்கிறது. 'காங்கேயம் கேட்டில் த்ரைவ் ஆன் ட்ரை பாஸ்ச்சர்' என்றால், பழுதில்லாத ஆங்கிலம். எதைக் கொண்டு தேறுகிறதோ, அதற்கு முன்னால் 'ஆன்' வரும். எந்த இடத்தில் தேறுகிறதோ, அதற்கு முன்னால் 'இன்' வரும்.

'தேறு' என்பதே இங்கே சரியான தமிழ். சந்தையில் இளைத்த கன்று ஒன்றை வாங்கி வருகிறார் விவசாயி. ஆறு மாதம் கழித்து, 'கன்னு நல்லாத் தேறிடுச்சுங்க' என்கிறார். அகராதியின் 'செழி'யைவிட இது அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நெருக்கமானது. ஒரு நாள் கிடைத்த லாபம் 'த்ரைவ்' ஆகாது. இருக்கும் சூழ்நிலையைப் பற்றிக்கொண்டு, நாள்பட வளர வேண்டும். பழைய நார்ஸ் மொழியில், தனக்கென்று பற்றிக்கொள்வதைக் குறித்த வேரிலிருந்து பிறந்த சொல் அது. சிக்கனத்தைக் குறிக்கும் 'த்ரிஃப்ட்' அதன் உடன்பிறப்பு. சிக்கனத்துக்கும் செழிப்புக்கும் உள்ள உறவைக் கொங்கு நாட்டுக் குடியானவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை!

சறுக்கும் இடம்

தமிழில் 'மரம் வளர்ந்தது' என்கிறோம். 'மரத்தை வளர்த்தான்' என்றும் சொல்கிறோம். இந்தப் பழக்கத்தில் மாணவன், 'ஹி த்ரைவ்ட் ஹிஸ் மில்' என்று எழுதிவிடுகிறான். இது தவறு. மில் தானாகத் தேறலாம். அதை இன்னொருவர் 'த்ரைவ்' செய்ய முடியாது. 'ஃப்ளரிஷ்' என்று மாற்றிப் போட்டாலோ, விபரீதம்! கத்தியைச் சுழற்றுவதுபோல, மில்லையே தூக்கிச் சுழற்றினான் என்று ஆகிவிடும்.

சரியான வாக்கியத்துக்குக் கோவையின் கதையே போதும். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தது. பிறகு மில்கள் பெருகின. 'தி மில்ஸ் த்ரைவ்ட் ஆன் பைக்காரா பவர்' என்று எழுதினால் இலக்கணமும் சரி, சரித்திரமும் சரி.

'ஃப்ளரிஷ்' லத்தீன் மொழியில் பூவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இதற்கும் கோவையில் சாட்சி உண்டு. வட இந்தியாவில் கரும்பு சரிவரப் பூத்து விதை கட்டுவதில்லை. இங்கே பூக்கிறது. அதனாலேயே 1912-ல் கரும்பு ஆராய்ச்சி நிலையம் கோவையில் தொடங்கப்பட்டது. பார்பரும் வெங்கட்ராமனும் அங்கே பணி புரிந்தார்கள். இனிப்பான கரும்பையும் காட்டுக் கரும்பையும் இணைத்து உருவாக்கிய 'கோ 205' என்ற ரகம், 1918-ல் பஞ்சாபுக்குப் போயிற்று. தடித்த கரும்பு தாக்குப்பிடிக்காத வடக்கத்திக் குளிரிலும் வறட்சியிலும் அது தேறிக் காட்டிற்று. 'இட் ஃப்ளவர்ட் இன் கோயம்புத்தூர் அண்ட் த்ரைவ்ட் இன் பஞ்சாப்' — இந்த ஒரு வாக்கியத்தை வகுப்பில் சொல்லிக் கொடுத்தால், ஒரு வினைச்சொல்லோடு ஊரின் பெருமையும் பிள்ளைகளுக்குச் சேர்ந்து கிடைக்கும். பள்ளி ஆசிரியர்கள் இதைச் செய்யலாம். செலவு ஒன்றுமில்லை.

இது பரீட்சைக்கு மட்டும் வேண்டிய சொல்லும் அன்று. வயதுக்கு ஏற்ற எடை கூடாத குழந்தையைப் பற்றி மருத்துவர்கள், 'ஃபெய்லியர் டு த்ரைவ்' என்று சீட்டில் எழுதுவது உண்டு. வீட்டில் படித்த பெண் ஒருத்தி அதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். என்னவோ ஏதோ என்று குடும்பமே கலங்குகிறது. ஆனால், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தபோதே தாய் அதைச் சொல்லிவிட்டாள்:

'கொழந்தை தேறவே மாட்டேங்குதுங்க, டாக்டர்!'