மெயின் பஜார் சொல்லித் தர்ற கணக்கு

விருதுநகர் மெயின் பஜார்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நெரிசல், வத்தல் நெடி, லோடு ஆட்டோ ஹாரன், முடிச்சிட்டு ஒரு எண்ணெய் பரோட்டா. வேண்டியதெல்லாம் போன்லயே வந்துடுது, எதுக்கு அங்க போய் இடிபடணும்னு கேட்கிறவங்கதான் நம்ம செட்ல அதிகம். கடைக்குப் போங்கன்னு நான் சொல்ல வரல. அந்தத் தெரு எப்படி உருவாச்சுன்னு ஒரு தடவை கேளுங்க. பிளேஸ்மென்ட் ஆர்டர் கையில வச்சிருக்கிற நமக்கு அதுல ஒரு கணக்கு இருக்கு.

கதை எங்க ஏழாயிரம்பண்ணையைத் தொட்டுத்தான் தொடங்குது. அப்போ எங்க ஊர் ஒரு பாளையம். 1799-ல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தப்போ ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், குளத்தூர் பாளையங்களையும் சேர்த்தே கம்பெனி பறிமுதல் பண்ணுச்சு. 1801-ல் சண்டை ஓய்ஞ்சது. வழியில கொள்ளை பயம் குறைஞ்சதும், தெற்கே இருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடு ஏத்திக்கிட்டு நாடார் வியாபாரிகள் இந்தப் பக்கம் அதிகமா வர ஆரம்பிச்சாங்க. விருதுபட்டி, சிவகாசி, சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம்னு ஆறு ஊர்கள்ல காலூன்றினாங்க. விருதுபட்டிதான் 1923-ல் விருதுநகர் ஆச்சு.

வந்த இடத்துல அவங்களுக்கு ஆள் பலம் கிடையாது. அதனால சுத்துச்சுவர் எழுப்பி, உள்ளே வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமா தங்குற மாதிரி பேட்டை கட்டினாங்க. பேட்டையை ஒட்டிக் கடை, கடையை ஒட்டி வீடு, இப்படித்தான் தெருக்கள் வளர்ந்துச்சு. 1876-ல் தூத்துக்குடி வரைக்கும் ரயில் வந்ததும் பருத்தி வியாபாரம் பெருகுச்சு. இன்னைக்கும் பருப்பு, எண்ணெய், வத்தலுக்கு விருதுநகர் மார்க்கெட் நிலவரம்னு பேப்பர்ல தனியா போடுறாங்க.

ஆனா இந்த பஜாரோட பெரிய கண்டுபிடிப்பு சரக்கு இல்ல, மகமை. விற்கிற மூட்டைக்கு இவ்வளவுன்னு ஒரு சின்னத் தொகை பொது நிதிக்குப் போகும். யாரும் பெரிய வள்ளலா இருக்க வேண்டியதில்ல, தவறாம கொடுத்தா போதும். அந்த உறவின்முறைப் பணத்துலதான் கோயில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் வந்துச்சு. 1880-களில் தொடங்கின சத்ரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வச்சாங்க. அங்க படிச்ச ஒரு பையன் பாதியில நின்னு, மாமாவோட ஜவுளிக்கடையில வேலை பார்த்தார். 1954-ல் முதலமைச்சர் ஆனதும் பள்ளிக்கூடத்துல மதியச் சாப்பாடு போட்டார். அவர் காமராஜர். பிடி அரிசிக்கும் அந்தச் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன்.

இதுல பெருமை மட்டும் இல்ல. இதே சமூகத்துக்குக் கோயில் கதவு மூடியிருந்துச்சு. அந்தப் பகை 1899-ல் சிவகாசியில பெரிய கலவரமா வெடிச்சு, உயிர்கள் போச்சு, வீடுகள் எரிஞ்சது. வெளியே கதவு மூடினதாலதான் உள்ளே ஒருத்தருக்கொருத்தர் இவ்வளவு இறுக்கமா சேர்ந்தாங்க. அதே காரணத்தால மகமையும் ஒரு சாதியோட வட்டத்துக்குள்ளேயே சுத்துச்சு. அந்த முறை நமக்கு வேணும். அந்த வட்டம் வேண்டாம்.

ஏன் இப்போ இதைப் பேசணும்? 2021 பிப்ரவரியில எங்க ஊர் பக்கத்து அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்துல 20 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதுக்கு முன்னாடியும் வெடிச்சிருக்கு, பின்னாடியும் வெடிச்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் நம்ம ஸ்டேட்டஸ்ல ஒரு மெழுகுவர்த்தி எரியும், மறுநாள் அணைஞ்சிடும். அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஜூன்ல ஃபீஸ் கட்டணும்.

அரசாங்கம்தானே செய்யணும்னு கேட்பீங்க. கண்டிப்பா செய்யணும், பாதுகாப்பு விதியை மீறினவங்களைப் பிடிக்கவும் செய்யணும். அதைக் கேட்டுக்கிட்டே இதையும் செய்யலாம். எண்ணெயும் வத்தலும் வித்தவங்க மூட்டைக்குக் கொஞ்சம்னு எடுத்து வச்சே பள்ளிக்கூடம் கட்டியிருக்காங்க. மாசச் சம்பளம் வாங்கப் போற நம்மால முடியாதா?

நம்ம பேட்ச்ல 60 பேர். ஆளுக்கு மாசம் 100 ரூபாய்னா வருஷத்துக்கு 72,000. சாதி கேட்காம, பட்டாசு, தீப்பெட்டி வேலை பார்க்கிற வீட்டுப் பிள்ளைங்க படிப்புக்கு அதைக் கொடுக்கலாம். ஃபேர்வெல் டி-ஷர்ட்டுக்குக் காசு பிரிக்க குரூப்ல கூகுள் ஷீட் போடுவோமே, அதுலயே இன்னொரு காலம் சேருங்க. தலைப்பு, மகமை.