கனடா அனுமதிச் சீட்டும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும்

பஞ்சாபில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி அந்த நிலத்தை அடகு வைத்து மகனையோ மகளையோ கனடாவுக்குப் படிக்க அனுப்புகிறார். படிப்பு முடிகிறது. பட்டம் கைக்கு வருகிறது. ஆனால் கடன் முடியவில்லை. கடன் தீர வேண்டுமானால் பிள்ளை அங்கேயே சில வருஷம் வேலை செய்ய வேண்டும். வேலை செய்யச் சர்க்காரின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு கிடைத்தால் குடும்பம் தலை நிமிரும். கிடைக்காவிட்டால் நிலம் போகும்.

இது பஞ்சாபின் கதை மட்டுமல்ல. குஜராத், ஆந்திரம், கேரளம், தமிழ்நாடு என்று எல்லா ராஜ்யங்களிலிருந்தும் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். 2023 முடிவில் கனடாவில் படிப்பு அனுமதி பெற்றிருந்த வெளிநாட்டு மாணவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பத்தில் நான்கு பேர் இந்தியர்கள்.

“படித்தவர்கள் விவகாரம், மில் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இதில் என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. படிப்பு என்று பெயர் இருந்தாலும், முடிவில் நடப்பது உழைப்பை விற்கும் விவகாரம்தான். பகலில் வகுப்பில் உட்காரும் அந்த வாலிபர் இரவில் கிடங்கில் பெட்டி தூக்குகிறார், உணவுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். அவரும் தொழிலாளியே.

சீட்டின் ஷரத்துகள்

முதலில் அந்தச் சீட்டு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கனடாவில் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் குறைந்தது 8 மாதப் படிப்பை முடித்தவர் இதற்கு மனுப் போடலாம். படிப்பு 2 வருஷமோ அதற்கு மேலோ ஆனால் சீட்டு 3 வருஷம் செல்லும். அதற்குக் குறைந்த படிப்பானால் படிப்பின் காலம் எவ்வளவோ அவ்வளவுதான் சீட்டின் காலமும். 2024 பிப்ரவரி முதல் முதுகலைப் பட்டத்துக்கு மட்டும், படிப்பு 2 வருஷத்துக்குக் குறைந்தாலும், 3 வருஷம் தருகிறார்கள்.

படிப்பு முடிந்தது என்று கல்லூரி உறுதி செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். படிப்பு அனுமதி காலாவதியாகும் முன்பே மனுப் போட்டவர், விதிப்படி நடந்திருந்தால், முடிவு வரும் வரை முழு நேர வேலை செய்யலாம். காலாவதியான பிறகு விழித்துக்கொண்டவருக்கு அந்த உரிமை இல்லை. ஒரு வாரத் தாமதம் ஒரு குடும்பத்தின் பல வருஷ உழைப்பைக் கவிழ்த்துவிடும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஷரத்து வேறு. இந்தச் சீட்டு ஆயுளில் ஒரே ஒரு தடவைதான். புதுப்பிக்க வழியில்லை. இன்னொரு பட்டம் வாங்கினாலும் இரண்டாவது சீட்டு கிடையாது. மூன்று வருஷத்துக்குள் நிரந்தரக் குடியிருப்பு உரிமை வாங்கிவிட வேண்டும். இல்லையேல் மூட்டை கட்ட வேண்டும். நமது ஆலைகளில் வருஷக் கணக்கில் பதிலியாக நின்றவர்களுக்கு இந்த நிலை புரியும். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவன் இன்றைக்குக் குறைந்த கூலியை எதிர்த்துக் கேட்கத் தயங்குவான். அந்தத் தயக்கமே முதலாளியின் மூலதனம்.

ஆயினும் இந்தச் சீட்டில் ஒரு நல்ல அம்சம் உண்டு. 2008 ஏப்ரல் முதல் இது ஒரு முதலாளியோடு கட்டிப்போடாத, திறந்த அனுமதி. ஒரு இடத்தில் கூலியை வெட்டினால் இன்னொரு இடத்துக்குப் போகலாம். இதன் அருமையை அறிய, கனடாவின் மற்றொரு சீட்டைப் பார்க்க வேண்டும். தற்காலிக அந்நியத் தொழிலாளர் திட்டத்தில் வருகிறவரின் சீட்டில் பெரும்பாலும் ஒரே முதலாளியின் பெயர் எழுதப்பட்டிருக்கும். வேலையை விட்டால் அந்தச் சீட்டை வைத்து வேறெங்கும் உழைக்க முடியாது. இந்தத் திட்டம் தற்கால அடிமைத்தனம் முளைக்கும் நிலமாக இருக்கிறது என்று ஐக்கிய நாடுகள் சபையின் விசேஷ அறிக்கையாளர் டோமோயா ஒபோகாட்டா 2024 இல் அறிக்கை கொடுத்தார்.

நமது முன்னோருக்கு இது புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் “துண்டு” என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனைக் கட்டும் துரை எவரோ அவர் தோட்டத்துக்குத்தான் தொழிலாளி போக முடியும். 1921 இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். பெயர் மாறினாலும் மனிதனைச் சீட்டால் கட்டும் பழக்கம் உலகத்தில் இன்னும் ஒழியவில்லை.

லாபம் யாருக்கு?

இத்தனை பேரைக் கனடா ஏன் அழைத்தது? கல்விக் கொடை வழங்கவா? கணக்கைப் பாருங்கள். 2023-24 கல்வியாண்டில் இளங்கலைப் படிப்புக்குக் கனடா மாணவர் கட்டிய சராசரிக் கட்டணம் 7,076 டாலர். வெளிநாட்டு மாணவர் கட்டியது 38,081 டாலர். டாலருக்கு 60 ரூபாய் என்று வைத்தால், அவருக்கு நாலேகால் லட்சம்; நம் பிள்ளைக்கு ஏறத்தாழ 23 லட்சம், அதுவும் ஒரு வருஷத்துக்கு!

ஒன்டாரியோ மாகாண சர்க்கார் 2019 இல் உள்நாட்டு மாணவரின் கட்டணத்தை 10 சதவீதம் குறைத்து, பிறகு உயராமல் நிறுத்தி வைத்தது. கட்டணம் குறைந்தது நல்லதுதான். ஆனால் குறைந்த பணத்தை மாகாண கஜானா ஈடு செய்யவில்லை. கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பையில் கை வைத்தன. கனடாவின் கல்விச் செலவை ஜலந்தர் விவசாயியின் அடகு நிலம் சுமந்தது.

இரண்டாவது லாபம் முதலாளிகளுக்கு. மாணவர் வகுப்பு நாட்களில் கல்லூரிக்கு வெளியே வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம் என்று விதி இருந்தது. 2022 நவம்பரில், ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, அந்த வரம்பை எடுத்தார்கள். 2024 ஏப்ரல் 30 இல் சலுகை முடிந்தது. 2024 நவம்பரில் வரம்பு 24 மணி என்று ஆனது. படிப்பின் நலனைப் பார்த்தா மணிக்கணக்கு ஏறி இறங்கியது? ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது. தேவை தீர்ந்தபோது மூடியது.

கொள்ளை நோய்க் காலத்திலும் இதே கதைதான். 2021 மே மாதம், அங்கே படித்து முடித்து வேலையில் இருந்தவர்களில் 40,000 பேருக்கு நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விசேஷ வழி திறந்தார்கள். ஏறத்தாழ ஒரே நாளில் அந்த இடங்கள் நிரம்பிவிட்டன. அந்த வழியில் இடம் கிடைக்காதவர்கள் எத்தனை பேர்!

நடுவழியில் மாறும் விதி

2024 ஜனவரியில் கனடா சர்க்கார் மாணவர் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு வைத்தது. அந்த வருஷத்துக்குப் புதிய படிப்பு அனுமதி சுமார் 3,60,000. முந்திய வருஷத்தை விட 35 சதவீதம் குறைவு. எத்தனை பேரை அழைப்பது என்று தீர்மானிக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. இனி வரப்போகிறவருக்கு முன்கூட்டியே சொன்னால் அதில் குற்றம் காண முடியாது. நமது ஆட்சேபம், ஏற்கெனவே பணம் கட்டிப் படித்துக்கொண்டிருந்தவர்களின் காலடியில் விதியை மாற்றியதைப் பற்றியது.

2024 நவம்பர் 1 முதல் வேலை அனுமதிக்கு மொழித் தேர்வுச் சான்று கட்டாயமாயிற்று. கனடாவிலேயே ஆங்கிலத்தில் இரண்டு, நான்கு வருஷம் படித்துத் தேறியவரும் மறுபடி பணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். அந்தத் தேதிக்கு முன் படிப்பைத் தொடங்கியவருக்கும் விலக்கு இல்லை. அதே நாள் முதல் படிப்பு அனுமதி கேட்பவர்களில், பட்டம் அல்லாத படிப்புக்காரருக்கு இன்னொரு தடை: படிக்கும் பாடம் சர்க்காரின் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலாவது நிலையாக நின்றதா? 2025 ஜூனில் 178 பாடங்களை எடுத்தார்கள், 119 பாடங்களைச் சேர்த்தார்கள். சில நாட்களில், எடுப்பதை 2026 தொடக்கம் வரை தள்ளி வைத்ததாக அறிவித்தார்கள்.

2025 இல் நிரந்தரக் குடியிருப்பு உரிமை தருவோர் தொகையையும் 5,00,000 லிருந்து 3,95,000 ஆகக் குறைத்தார்கள். மூன்று வருஷச் சீட்டின் முடிவில் இருக்கும் கதவு ஒடுங்கிவிட்டது. விதைத்த பிறகு வாரத்தை மாற்றும் மிராசுதாருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பழி யார் தலையில்?

வீட்டு வாடகை ஏறியதற்கும், மருத்துவமனையில் நெரிசலுக்கும் மாணவர்களே காரணம் என்று அங்கே பிரசாரம் நடக்கிறது. ஒரு அறையில் ஐந்து பேர், ஆறு பேர் படுத்து வாடகை கொடுப்பவரா வாடகையை ஏற்றினார்? கனடாத் தொழிலாளியின் வீட்டுக் கஷ்டம் உண்மை. அந்தக் கஷ்டத்துக்குக் காரணமானவர்களை விட்டுவிட்டு, அவரைப் போலவே வாடகைக்கு அல்லாடும் இன்னொருவரை நோக்கி அவர் கோபத்தைத் திருப்புவது பழைய தந்திரம்.

மாணவர்களை விரட்டினால் உள்ளூர்த் தொழிலாளிக்கு வாழ்வு வருமா? ஒன்டாரியோவில் நடந்ததைப் பாருங்கள். வெளிநாட்டு மாணவர் குறைந்ததும் கல்லூரிகள் பாடங்களை மூடின, ஆள்குறைப்பு ஆரம்பமாயிற்று. 2025 செப்டம்பரில் பொதுக் கல்லூரிகளின் ஊழியர்கள் சுமார் 10,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த மாணவரும் இந்த ஊழியரும் ஒரே கத்தியால் வெட்டுப்பட்டவர்கள்.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

மாணவர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. ஜலந்தர் ஏஜெண்டு ஒருவர் கொடுத்த கல்லூரிச் சேர்க்கைக் கடிதங்கள் போலி என்று, படித்து முடித்து வேலைக்கும் போன பிறகு பலருக்குத் தெரியவந்தது. நாடு கடத்தல் உத்தரவு வந்தது. 2023 மே மாதம் மிசிசாகா நகரில் அதிகாரிகளின் அலுவலகத்துக்கு வெளியே இரவு பகலாக அமர்ந்தார்கள். ஜூனில் சர்க்கார் நாடு கடத்தலை நிறுத்தி, ஏமாற்றியவர் யார், ஏமாந்தவர் யார் என்று தனித்தனியாக விசாரிக்க ஒப்புக்கொண்டது. 2024 மே மாதம் அந்த ஏஜெண்டுக்குக் கனடா நீதிமன்றம் 3 வருஷச் சிறை விதித்தது.

2024 மே மாதத்தில் பிரின்ஸ் எட்வர்ட் தீவின் தலைநகரான சார்லட்டவுனில், நடுவழியில் மாறிய விதியை எதிர்த்து வாலிபர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். அதே வருஷம் பிராம்ப்டன் நகரில் சீட்டு முடியப்போகிறவர்கள் கூடாரம் போட்டுத் தங்கிப் போராடினார்கள். அந்த நகரில் 2021 இல் தோன்றிய நவஜவான் சப்போர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு, கூலி கொடுக்காமல் ஏய்த்த முதலாளிகளின் வாசலில் கூட்டமாய்ப் போய் நின்று பணத்தை வசூலித்துக் கொடுத்திருக்கிறது. கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் தனியாக மனு எழுதிக் காத்திருந்தவருக்குக் கிடைக்காதது, கூடி நின்று கேட்டவருக்குக் கிடைத்திருக்கிறது.

செய்ய வேண்டியது

கனடா சர்க்காரிடம் அந்த மாணவர்கள் கேட்பது தர்மம் அல்ல, நியாயம். சேர்ந்த நாளில் எந்த விதியோ அந்த விதியே சீட்டு வாங்கும் நாள் வரை நிற்க வேண்டும். சீட்டு எதுவானாலும் எந்த முதலாளியிடமும் வேலை செய்யும் உரிமை வேண்டும். கூலியும் பாதுகாப்பும் உள்ளூர்த் தொழிலாளிக்கு உள்ளது போலவே வேண்டும். வருஷக் கணக்கில் உழைத்து வரி கட்டியவருக்கு அங்கேயே தங்கும் வழி வேண்டும்.

நமது மத்திய சர்க்காருக்கும் பொறுப்பு உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983 ஆம் வருஷத்துக் குடியகல்வுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். மாணவரைச் சேர்க்கும் ஏஜெண்டு அந்தச் சட்டத்தின் பிடிக்கு வெளியே நிற்கிறார். கங்காணி வேலையைப் படிப்பின் பெயரால் செய்கிறவரை இப்படி விட்டு வைப்பது சரியா? இவர்களையும் பதிவுக்கும் தண்டனைக்கும் உட்படுத்தும் சட்டம் வர வேண்டும்.

பிள்ளையை அனுப்ப நினைக்கும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பி நிலப் பத்திரத்தை எடுக்காதீர்கள். அந்தக் கல்லூரிக்கும் பாடத்துக்கும் படிப்புக்குப் பின் வேலை அனுமதி உண்டா என்று கனடா சர்க்காரின் பட்டியலிலேயே பார்க்கச் செய்யுங்கள். எல்லாக் கல்லூரிக்கும் அது கிடையாது. சேர்க்கைக் கடிதத்தைக் கல்லூரிக்கே எழுதிக் கேட்டு உறுதி செய்யுங்கள். கடைசிப் பருவம் தவிர மற்றப் பருவங்களில் முழு நேர மாணவராகவே இருக்க வேண்டும். அனுமதித்த மணிக்கு மேல் வேலை செய்யச் சொல்லி முதலாளி ஆசை காட்டினால் மயங்கக் கூடாது. பின்னால் சீட்டு மறுக்க அதுவே காரணமாகும். மொழித் தேர்வு எது செல்லும் என்று முன்பே பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 180 நாள் என்பதைக் கடைசி நாளாக எண்ணாமல், படிப்பு முடிந்த வாரமே மனுப் போட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. படித்த பிள்ளைக்குத் தன் ஊரிலேயே மானமாகப் பிழைக்க ஒரு வேலை இருந்தால், நிலத்தை அடகு வைத்துக் கடல் கடந்து, ஒரே ஒரு தடவை கிடைக்கும் ஒரு சீட்டுக்காக நாளை எண்ணிக்கொண்டு எவர் உட்காரப் போகிறார்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது கனடா சர்க்கார் அல்ல, நம்மை ஆளுகிறவர்கள்.