டார்ச் லைட் போர்டுக்குப் புட்பிரிண்ட்டை நீங்களே வரையுங்கள்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் என்னவெல்லாம் செய்யலாம் என்று கேட்டால், கடிதம் டைப் செய்யலாம், படம் பார்க்கலாம், கேம்ஸ் விளையாடலாம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு பொருளையும் அதில் வடிவமைக்கலாம். ஏற்காட்டுக்காரனான நான் அதற்குச் சிபாரிசு செய்வது டார்ச் லைட். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில் போன கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காபித் தோட்டத்துப் பாதையில் பனிமூட்டத்திற்குள் காட்டெருமை நின்றாலும் நிற்கும். கடை டார்ச்சுகள் பலவற்றில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும், யாரும் கேட்காத மினுக்கு விளக்கும்தான் இருக்கின்றன. எங்களுக்கு வேண்டியது இரவு முழுக்கச் சீராக எரியும் வெளிச்சம்.

இதற்குப் பெரிய சர்க்யூட் தேவையில்லை. ஏஎம்சி7135 என்ற சிறிய சிப், எல்.இ.டி.க்கு 350 மில்லி ஆம்பியர் கரண்ட்டை மட்டும் அளந்து விடும். 2,600 எம்.ஏ.எச். பேட்டரி ஒன்று இருந்தால் கணக்குப்படி ஏழு மணி நேரம் தாங்கும். போர்டை வரைய கீகேட் என்ற சாப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. பிரான்சைச் சேர்ந்த ழான் பியர் ஷரா 1992ல் தொடங்கியது இது. பிற்பாடு செர்ன் ஆய்வுக்கூடமும் இதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரே போதும்.

இதில் புதியவர்கள் அலட்சியமாகக் கடந்து போகும் இடம் ஒன்று உண்டு. அதுதான் புட்பிரிண்ட். ஈர மண்ணில் கால் பதிந்த தடம் போல, ஒரு பாகம் போர்டில் உட்காரும் இடத்தில் அதன் கால்களுக்கு நேராக இருக்க வேண்டிய செம்புத் திட்டுகளின் வரைபடம் இது. "லைப்ரரியில்தான் ஆயிரக்கணக்கில் ரெடிமேடாக இருக்கிறதே, எதற்கு வரைந்துகொண்டு?" என்று பலரும் கேட்கிறார்கள். ரெசிஸ்டர், கெபாசிட்டருக்கு ரெடிமேடே போதும். ஆனால் எல்.இ.டி.க்கும் சிப்புக்கும் முதல் தடவையாவது நீங்களே வரைய வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் பகுதிக் கல்லூரி மாணவர் ஒருவர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஏடிடைனி13ஏ என்ற சிப்பை வைத்து 17 மி.மீ. வட்ட போர்டு வரைந்தார். எட்டுக் கால் சிப்தானே என்று லைப்ரரியில் இருந்ததை எடுத்துப் போட்டு, ஐந்து போர்டுகளுக்குப் பணம் கட்டினார். போர்டு வந்தது, சிப் உட்காரவில்லை. அந்த சிப் இரண்டு அகலங்களில் விற்கிறது. ஒன்றின் உடல் 3.9 மி.மீ., மற்றது 5.3 மி.மீ. இரண்டிலும் கால்களுக்கு இடையே உள்ள தூரம் 1.27 மி.மீ.தான். அதனால் திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஐந்து போர்டும் குப்பைக்குப் போயின. கைக்காசில் படிக்கும் பிள்ளைக்கு அது சின்னத் தொகை அல்ல.

ரெசிஸ்டருக்கு ரெடிமேட் போதும் என்றேன், அங்கும் ஒரு கண்ணி உண்டு. 0603 என்பது அங்குலக் கணக்கில் 1.6 மி.மீ. நீளமுள்ள பாகம். மெட்ரிக் கணக்கிலோ அதே எண் 0.6 மி.மீ. நீளமுள்ள தூசியைக் குறிக்கும். (இரண்டு முறைக்கும் ஒரே எண்ணை வைத்த புண்ணியவான் யாரோ!)

எல்.இ.டி. விஷயம் இன்னும் நுட்பமானது. 3535 என்று அழைக்கப்படும் வகை ஏறத்தாழ 3.5 மி.மீ. சதுரம். அடியில் இரு ஓரமும் பிளஸ், மைனஸ். நடுவில் உள்ள பெரிய திட்டு பல மாடல்களில் கரண்ட்டுக்கு அல்ல, சூட்டை வெளியேற்ற. அந்தத் திட்டைச் சிறிதாக வரைந்தாலோ, அதன் மேல் பச்சைப் பூச்சு வந்துவிட்டாலோ சூடு இறங்க வழியில்லை. விளக்கு எரியும், ஆனால் வெளிச்சம் மங்கும், ஆயுளும் குறையும். நடுக்காட்டில் அது தெரிய வருவதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள். இன்னொன்று, டேட்டா ஷீட்டில் எல்.இ.டி.யை அடியிலிருந்து பார்த்தபடி ஒரு படம் இருக்கும். அதை அப்படியே வரைந்தால் பிளஸ் மைனஸ் இடம் மாறிவிடும். புட்பிரிண்ட் எப்போதும் மேலிருந்து பார்ப்பது. "சிபாரிசு செய்யப்படும் சோல்டர் திட்டு" என்ற படத்தைத் தேடி அதன் அளவுகளையே எடுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் வெர்னியர் கிடைக்கிறது. பாகத்தை முதலில் வாங்கி, அளந்து, டேட்டா ஷீட்டோடு ஒப்பிட்டு, கீகேட்டின் புட்பிரிண்ட் எடிட்டரில் வரையுங்கள். ஒன்றாம் எண் காலுக்குப் புள்ளி வைக்க மறக்காதீர்கள். பிறகு பிரிண்ட் எடுங்கள். பிரிண்ட் விண்டோவில் பேப்பருக்கு ஏற்ப சுருக்கும் வசதி டிக் ஆகியிருந்தால் எடுத்துவிட்டு, 100 சதவீதம் என்று கொடுங்கள். சந்தேகம் இருந்தால், அதே தாளில் 85.6 மி.மீ. கோடு ஒன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். ஏ.டி.எம். கார்டின் நீளம் அதுதான். மேலே வைத்துப் பார்த்தால் பிரிண்டர் நியாயமாக நடந்ததா என்று தெரிந்துவிடும்.

அந்தத் தாளின் மேல் சிப்பையும் எல்.இ.டி.யையும் வைத்து, லென்ஸ் வழியாகப் பாருங்கள். கால்கள் திட்டைத் தாண்டி வெளியே நின்றால் திருத்துங்கள். அரை மணி நேர வேலை, ஒரு தாள் செலவு. அந்த மாணவர் இப்போது இப்படித்தான் செய்கிறார். அவருடைய அடுத்த போர்டு இன்னும் பேப்பரில்தான் இருக்கிறது, மூன்றாவது தாளில்.