'யூஸ்ட் டு' படுத்தும் பாடு

லோன் கடிதமோ விசா கடிதமோ, "ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்கண்ணே" என்று ஊரிலிருந்து எனக்கு வந்துவிடும். ஊர் மார்டள்ளி. எங்கள் கொள்ளேகால் பகுதி 1956 வரை கோயமுத்தூர் ஜில்லா. மாநிலப் பிரிவினையில் மைசூரோடு சேர்ந்தது, 1997-ல் சாமராஜநகர் மாவட்டமானது. அதனால் வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், பேங்குக்கு எழுதினால் இங்கிலீஷ்.

"டூ தி நீட்ஃபுல்" என்று எழுதினால் இங்கே வளரும் நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பழைய பாணி, அவ்வளவுதான், அர்த்தம் கெடாது. நான் பயப்படுவது 'யூஸ்ட் டு'வுக்குத்தான்.

"ஐ யூஸ்ட் டு பே தி இன்ஸ்டால்மென்ட் எவ்ரி மன்த்." எழுதியவர் சொல்ல வந்தது, மாதாமாதம் கட்டுவது வழக்கம் என்று. படிக்கிறவருக்குப் புரிவது, முன்பு கட்டினேன், இப்போது இல்லை என்று! பேங்கிலாவது கணக்கைத் திறந்து பார்த்துக்கொள்வார்கள். விசா அதிகாரிக்குக் கையிலிருக்கும் காகிதம்தான் சாட்சி. "மை சன் யூஸ்ட் டு சென்ட் மீ மணி" என்று அம்மா எழுதுகிறார். மகனை நம்பித்தான் வாழ்கிறேன் என்று காட்ட எழுதிய கடிதம், அவன் அனுப்புவதை நிறுத்திவிட்டான் என்று சொல்கிறது.

இதற்கு எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். 'யூஸ்ட் டு' என்றால் 'வழக்கம்' என்று மனப்பாடம் செய்ய வைத்ததுதான் வினை. தமிழில் 'கட்டுவது வழக்கம்' வேறு, 'கட்டுவது வழக்கமாக இருந்தது' வேறு. 'யூஸ்ட் டு' இரண்டாவதற்கு மட்டும்தான். முதலாவதற்கு "ஐ பே எவ்ரி மன்த்" போதும். 'யூஷுவலி' சேர்க்கலாமே என்பீர்கள். இலக்கணப்படி சரிதான், ஆனால் கடன் கடிதத்தில் வேண்டாம். சில மாதம் கட்டவில்லையோ என்று கேட்பார்கள்.

'ஐ ஆம் யூஸ்ட் டு' தனிக் கதை. அது 'பழகிவிட்டது'. பின்னால் வினை வந்தால் 'இங்' வேண்டும். "ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்" என்றால் ராத்திரி வேலை பழக்கம். 'ஆம்', 'இங்' இரண்டையும் விட்டால் அந்த வேலையை விட்டாயிற்று என்று ஆகிவிடும். பயோடேட்டாவில் இதைக் கவனியுங்கள்.

எழுதி முடித்ததும் வரியின் கடைசியில் 'இப்போது இல்லை' என்று சேர்த்துப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் இருக்கட்டும். காலமானவர் கணக்கைப் பற்றி நாமினி எழுதும்போது "ஹி யூஸ்ட் டு ஆபரேட் திஸ் அக்கவுன்ட்" மிகச் சரி.