21 கியர்னா என்னவாக்கும் அண்ணாச்சி?

ரொம்ப நாளா மனசுக்குள்ள கிடந்து அரிச்சுக்கிட்டு இருக்கிற விஷயம் மக்கா. இன்னைக்குக் கொட்டித் தீத்துடுறேன். சைக்கிள் ஓட்டாதவங்களும் படிக்கலாம், சங்கதி சைக்கிளோட நிக்காது.

போன வருஷம் நாகர்கோவில்ல படிப்பு முடிச்சு ஊருக்குக் கிளம்புன ஒரு பையன்கிட்ட பழைய மவுண்டன் பைக் ஒண்ணு 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். பெயின்ட் உரிஞ்சு, ஸ்டிக்கர் போயி, என்ன கம்பெனி என்ன மாடல்னு அவனுக்கே தெரியல. "கியர் வண்டிண்ணே, 21 கியர்." அவ்வளவுதான் ஜாதகம். ஆனா ஃப்ரேம்ல ஒரு கீறல் விரிசல் கிடையாது.

முதல் மாசமே வினை ஆரம்பிச்சது. ஆடிக்காத்து தெரியும்ல? முப்பந்தல் காத்தாடி வரைக்கும் போயிட்டுத் திரும்பும்போது ஆரல்வாய்மொழியில எதிர்காத்து. எந்திச்சு நின்னு ஒரு அழுத்து அழுத்தினா 'கடக்'னு செயின் வழுக்குது. முட்டி போய் ஹேண்டில்பார்ல இடிக்குது. பின்னாலயே திருநெல்வேலி பஸ் ஹாரன் அடிக்கான். அன்னைக்கு விழுந்திருந்தா இந்தப் பதிவு கிடையாது.

கடைக்குக் கொண்டு போனேன். அண்ணாச்சி செயினை மாத்துனார். முன்னைவிட மோசமா வழுக்குச்சு. டீரெய்லரை மாத்துனார். அதே கதை. கடைசியில தீர்ப்பு: "இது சைனா சாமான் தம்பி, பார்ட்ஸ் வராது. ஆக்கர் கடையில போட்டுட்டு புதுசு எடுங்க. 18,000-ல நல்ல வண்டி இருக்கு."

அண்ணாச்சி மேல எனக்குக் கோபம் இல்ல. எங்க அப்பாவோட பழைய ஹெர்குலிஸைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் சரி பண்ணுவார் மனுஷன். ஏன்னா அந்த வண்டியில எல்லாம் ஒரே அளவு. 28 அங்குல சக்கரம், 1/8 அங்குல செயின், ஒத்தை ஃப்ரீவீல். தோவாளையில வாங்குன சாமான் கொல்லங்கோட்டு வண்டிக்கும் சேரும். கியர் வண்டி வந்தப்போ அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கல. என் கோபம் எல்லாம் '21 ஸ்பீடு'ன்னு மட்டும் பெருசா அச்சடிச்சு விக்கிறவங்க மேலதான்.

21-ங்கறது என்ன? முன்னால 3, பின்னால 7. ரெண்டாங்கிளாஸ் வாய்ப்பாடு! கீபோர்டுல எத்தனை பொத்தான்னு சொல்லி கம்ப்யூட்டர் விக்கிற மாதிரி. ஒரு பார்ட் போனா எதை வாங்கணும்னு அந்த நம்பர் சொல்லாது.

ஸ்டிக்கர் போனா போகட்டும், பார்ட்ஸ் பேசும். ரெண்டு ராத்திரி உக்காந்து நான் கண்டுபிடிச்சது இவ்வளவுதான்:

1. பின்சக்கரத்தைக் கழட்டி, பல்சக்கரத்தைப் பின்பக்கமா சுத்துங்க. நடுவுல டூல் மாட்டுற வரிப்பள்ளம் அசையாம நின்னா, அது ஹப்புல மரை போட்டுத் திருகின ஃப்ரீவீல். சேர்ந்து சுத்துனா காசெட். ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு மாட்டவே முடியாது.

2. பின்னால எத்தனை சக்கரம், பெருசுல எத்தனை பல், சின்னதுல எத்தனை பல்னு எண்ணுங்க. என்னுது 7 சக்கரம், 14-லிருந்து 28 பல்.

3. ஷிஃப்டரும் டீரெய்லரும் ஒரே குடும்பமா பாருங்க. ஒரு கிளிக்குக்கு ஷிஃப்டர் எவ்வளவு கேபிள் இழுக்குதோ, அதுக்குத் தக்கபடி டீரெய்லர் நகரணும். ஷிமானோவோட 7, 8, 9 ஸ்பீடு மவுண்டன் டீரெய்லர்களுக்கு அந்தக் கணக்கு ஒண்ணுதான். அதனால டீரெய்லரை மாத்திப் போடலாம். ஷிஃப்டர் மட்டும் பின்சக்கர எண்ணிக்கைக்குச் சரியா இருக்கணும். ஸ்ராமோட 1:1 ஷிஃப்டரைக் கொண்டுவந்து ஷிமானோ டீரெய்லர்ல கட்டினா கியர் ஒழுங்கா விழாது.

4. ஸ்கேல் எடுத்து செயினை அளங்க. 24 கண்ணி சரியா 12 அங்குலம் வரணும். 1/16 அங்குலம் கூடிருச்சுன்னா செயினை மாத்துற நேரம். 1/8 கூடிருச்சுன்னா பெரும்பாலும் பல்லும் போயிருக்கும்.

என் வண்டியோட பழைய செயின் பையில கிடந்துச்சு. அளந்தேன். 1/8-க்கு மேலயே கூடுதல். நீண்டுபோன செயின் பல்லையும் தனக்கேத்த மாதிரி தேச்சு வச்சிருந்துச்சு. அந்தத் தேஞ்ச பல்லுல புதுச் செயின் உக்காருமா? அதான் வழுக்கல். டீரெய்லர் பாவம், நிரபராதி. அதோட பின்பக்கம் 'கேடி'ன்னு ரெண்டு ஆங்கில எழுத்து. ஷிமானோ கணக்குப்படி 2012 ஏப்ரல்ல செஞ்சது. அதையே திரும்ப மாட்டினேன், இன்னைக்கும் ஓடுது. 7 ஸ்பீடு ஃப்ரீவீல், கழட்டுற டூல், கேபிள் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. 'பார்ட்ஸ் வராது'ன்னு சொன்ன வண்டிதான் கேட்டியளா!

இன்னொரு கோஷ்டி இருக்கு. ஹெல்மெட், கூலிங்கிளாஸ் சகிதம் ஞாயித்துக்கிழமை கிளம்புற நம்ம ஆளுங்க. "ஃப்ரீவீலா? அது வேஸ்ட் பாஸ், 9 ஸ்பீடுக்கு மாறுங்க." மாறணும்னா ஹப், ஷிஃப்டர், செயின், காசெட் எல்லாம் மாறணும். அப்புறம் அது என் வண்டியா? மலையில குதிச்சு ஓட்டுறவனுக்கு காசெட்தான் நல்லது, ஒத்துக்கிடுதேன். ஃப்ரீவீல் ஹப்புல வலப்பக்க பேரிங் உள்ள தள்ளி இருக்கறதால அச்சு சீக்கிரம் வளையும். ஆனா சுசீந்திரத்துக்கும் முட்டத்துக்கும் போற எனக்கு அது போதும். 1921-ல சகாய் ஊர்ல ஷிமானோ தொழிலை ஆரம்பிச்சதே ஃப்ரீவீல் செஞ்சுதான் சாமி.

2022 டிசம்பர் 24-ல மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்குன்னு ஒரு இணையதளம் தொடங்குச்சு. எடுத்துக்கிட்ட துறை நாலு: விவசாயக் கருவிகள், மொபைல் மாதிரி மின்னணு சாமான்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், மோட்டார் வாகனம். சைக்கிளுக்கு அதுல தனி இடம் இல்ல. ஏழைக்கும் மாணவனுக்கும் முதல் வண்டி எது சார்?

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஃப்ரேம்ல அழியாம நாலு வரி: ஃப்ரீவீலா காசெட்டா, எத்தனை சக்கரம், டீரெய்லர் எந்தக் குடும்பம், ஹப் அகலம் எத்தனை மில்லிமீட்டர். '21'ன்னு அவ்வளவு பெருசா எழுத இடம் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல எழுதுங்க.

நம்ம மேலயும் தப்பு இருக்கு. ஆபீஸ்ல வெர்ஷன் நம்பர் இல்லாத லைப்ரரியைத் தொடமாட்டோம். கடையில போய் 'எத்தனை கியர்?'னு மட்டும் கேட்டுட்டுக் காசைக் கொடுக்கோம்.

போன வாரம் கோட்டாறு பக்கம் ஆக்கர் கடையில மூணு கியர் வண்டி கிடந்துச்சு. கையால ஃப்ரேமைத் தட்டிப் பாத்தேன், மூணும் நல்லாத்தான் இருந்துச்சு. பாக்கெட்ல இருந்த ஸ்கேலை எடுத்து செயினை அளந்தேன். ரெண்டுல 1/8 அங்குலம் கூடுதல். எந்தப் பிள்ளைங்க வண்டியோ, "பார்ட்ஸ் வராது"ன்னு யாரோ சொல்லியிருப்பாங்க.

டிஸ்கி: அதுல ஒண்ணை எடைக்கு எடை காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன். அம்மா இன்னும் என்கூட பேசல :)