மயிலையும் 'பீகாக்' என்னுஞ் சொல்லும்

உமையம்மையார் மயிலுருக்கொண்டு இறைவனை அருச்சித்த தலம் திருமயிலை. கபாலீச்சரத்துப் புன்னையடியில் அக்கோலத்தை இன்றுங் கண்டு வணங்குகின்றோம். இத்தலச் சிறப்புப் பேசப்புகும் அன்பர் சிலர், மயிலைக் குறிக்கும் 'பீகாக்' என்னும் ஆங்கிலச்சொல் நம் 'தோகை'யினின்றே பிறந்ததென மேடையில் முழங்குகின்றனர். கேட்போரும் கைகொட்டி மகிழ்கின்றனர். இக்கூற்று ஆராய்ச்சிமுன் நிற்குமா?

'காக்' என்பது சேவலைக் குறிக்கும் ஆங்கிலச்சொல், பின்னர் ஒட்டியது. முற்பகுதியோ பழைய ஆங்கிலத்தில் 'பாவா' என வழங்கியது; இலத்தீனத்துப் 'பாவோ'வினின்று வந்தது. இதுகாறும் ஐயமில்லை. 'பாவோ'விற்கும் கிரேக்கத்துத் 'தாஓஸ்' என்பதற்கும் உறவுண்டென்பாருளர். ஆயின் தகரம் பகரமாவது அம்மொழிகளிடை இயல்பான திரிபன்று.

அற்றேல், சாலோமோன் மன்னனுக்கு மூன்றாண்டுக்கொருமுறை பொன், வெள்ளி, தந்தம், குரங்கு இவற்றோடு மரக்கலம் கொணர்ந்த 'துக்கி' தோகையே எனக் கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தில் எழுதிற்றிலரோ எனின், எழுதினார். அதனைத் தழுவினோர் பலர். எனினும் அச்சொல் ஒருசார் குரங்கையே குறிக்குமென எகிப்திய மொழி கொண்டு மறுப்பாரும் உளர். இனி, ஆதென்சு நகரத்தார் 'தாஓஸ்' என்பதன் ஈற்றசையை மூச்சொலியோடு 'தாஹோஸ்' எனக் கூறினரென்று அதெனயுஸ் என்னும் பழைய ஆசிரியர் குறித்துள்ளார். சொல்லிடையே அவ்வொலி கிரேக்கத்திற்குப் புதிது. தோகையின் ககரமோ மெல்லென மூச்சாய் ஒலிப்பது. நம்மவர் எடுத்துக்காட்டத் தக்கது இஃதொன்றே. மேடையில் இதனைக் கேட்டிலேம்! இதுவுங் கிரேக்கச் சொல்லளவில் நிற்பதன்றி ஆங்கிலத்தைச் சென்று தொடாது.

சிவஞானசித்தியார் அளவையிலக்கணத்தோடு தொடங்குவது எற்றுக்கு? ஏதுவிற்குந் துணிபொருட்கும் விட்டுநீங்காத் தொடர்பு வேண்டும். புகைகண்டு தீயுண்டென்பது கருதலளவை. பனிமூட்டங்கண்டு தீயுண்டென்பது ஏதுப்போலி. ஒலியொப்புமை ஒன்றே பற்றிச் சொற்பிறப்புக் கூறுதல் பனிகண்டு தீக்காய எழுவதை ஒக்கும். பரபக்கத்தார் கூற்றில் ஏதுப்போலியை விடாது இடித்துரைக்கும் நாம், தமிழ்ப்பெருமை என்றதும் அவ்வளவைநூலை மூடிவைத்தல் முறையாமோ?

தமிழினின்று ஆங்கிலஞ் சென்ற சொற்கள் இல்லாமலில்லை. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுதண்ணீர் 'மல்லிகட்டானி' ஆயிற்று. மயிலைக் கடற்கரை மீனவர் செலுத்திய கட்டுமரத்தைச் சோழமண்டலக் கரையார் வழங்கும் பெயராகவே, 1697-இல் வெளிவந்த தம் பயணநூலில் தாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி எழுதிவைத்தார். இவை சான்றுடையன. தோகைக்கதையை இவற்றோடு கலந்து விற்பின், அது பொய்த்த அன்று கட்டுமரமும் ஐயுறவிற்கு இடமாகும். அந்நாளில் நகையாடப்படுபவர் மேடைப்பேச்சாளரல்லர். அவருரையை நம்பித் தேர்வில் எழுதிய மாணாக்கரே.

'பாவோ'விற்குந் தோகைக்கும் இடைப்பட்ட படியை எவரேனுங் காட்டுவாராயின், யாம் அதனை உடனே ஏற்கச் சித்தமாயுள்ளோம். காட்டுந்துணையும் அம்முழக்கத்தை நிறுத்திவைப்பாராக.