அத்திரம்பாக்கத்துக் கற்களுக்கு எந்தத் தாய்மொழி?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில் புழங்குவதுண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் மாநிலம் மாறுகிறது. பேச்சு அத்தனை விரைவில் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இவ்வூர்களிலிருந்து அத்திரம்பாக்கத்துக்குச் செல்லும் ஒரு மாணவர், "அங்கே வாழ்ந்தவர்கள் யாருடைய முன்னோர்? தமிழருடையவரா, மலையாளியருடையவரா?" என்று கேட்டால் அதில் வியப்பில்லை. ஆனால் அக்கேள்விக்குப் பெருமிதத்தை விடையாகத் தருவது கல்வியாகாது.

சென்னைக்கு வடமேற்கே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ளது அத்திரம்பாக்கம். 1863 மே மாதம் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் இவ்விடத்தைக் கண்டறிந்தார். பிற்காலத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் மேற்கொண்ட அகழாய்வு இதன் காலத்தைத் தெளிவாக்கியது. இங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் 'சயின்ஸ்' இதழிலும், இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்குத் தோன்றிவிட்டது என்று 2018இல் 'நேச்சர்' இதழிலும் முடிவுகள் வெளியாயின.

இந்த எண்களைத் தமிழின் வயதோடு முடிச்சுப் போடுவோர் உண்டு. மொழியியல் பயின்றவர்களே இதை முதலில் மறுக்க வேண்டும். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எச்சங்களாகக் கருதப்படுபவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை. அவற்றின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். எனவே அந்தக் கைக்கோடரிகளைச் செதுக்கியவர்கள் நமக்கு முற்பட்ட வேறொரு மனித இனத்தார். அவர்களின் எலும்பு எதுவும் அங்குக் கிடைக்கவில்லை. திராவிட மொழிக் குடும்பத்தின் வயதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என மதிப்பிட்டது. மலையாளம் தனிமொழியாக உருப்பெற்றதோ ஆயிரம் ஆண்டுகளுக்குச் சற்று முன்னர்தான். இவ்வளவு குறுகிய அளவுகோலால் 15 லட்சம் ஆண்டுகளை அளக்க இயலாது.

இம்மறுப்பு எவருடைய பெருமையையும் குறைப்பதன்று. எங்கோ எவரோ சொன்ன கதைகளைவிட, அக்கல் தரும் செய்தி பெரிது. தகுந்த குவார்ட்சைட் கல்லைத் தேர்ந்து, முடிவு வடிவத்தை மனத்தில் கண்டு, இருபுறமும் சில்லுகளைப் பெயர்த்து, அவ்வித்தையை அடுத்த தலைமுறைக்குக் கற்பித்திருக்கிறார்கள். அக்கற்பித்தலுக்குச் சொல் தேவைப்பட்டதா, கையசைவும் பார்த்துப் பழகுதலும் போதுமானவையாக இருந்தனவா என்பது ஆய்வுலகில் இன்றும் விவாதிக்கப்படுகிறது. மொழியியல் மாணவர் அத்திரம்பாக்கத்தில் நின்று சிந்திக்க வேண்டிய கேள்வி இதுவே. யார் எந்த மொழியினர் என்னும் வழக்கு, அங்கே எழவே இடமில்லை.

எல்லையூர்க் கல்லூரிகள் இத்தகைய களப்பயணங்களை ஏற்பாடு செய்தல் வேண்டும். முதலில் பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் கருவிகளைப் பார்க்கட்டும். பிறகு களத்துக்குச் செல்லட்டும். மண்ணில் கிடக்கும் எக்கல்லையும் நினைவுப் பொருளாக எடுத்துவரக் கூடாது. கல்லின் காலத்தைச் சொல்வதில் அது கிடந்த மண்ணடுக்குக்கே பெரும்பங்கு உண்டு; இடம்பெயர்ந்த கல் அச்சான்றை இழந்துவிடுகிறது. திரும்பி வந்து எழுதும் அறிக்கையில், எது நிறுவப்பட்டது, எது ஊகம் என்பதைத் தனித்தனியே பிரித்து எழுதச் செய்தல் வேண்டும். இரு மொழிகளுக்கிடையே வளர்ந்த மாணவர்க்கு, கோடுகள் பிற்காலத்தில் வரையப்பட்டவை என்பது புதிய பாடமன்று.